கட்டியோட ஜீன் வேற, குடும்பத்தோட ஜீன் வேற

"அந்த வீட்ல ஜீன் கேன்சராம். சம்பந்தம் பண்றதுன்னா நல்லா யோசிச்சுப் பண்ணுங்க."

இப்படி ஒரு பேச்சு காதுல விழுந்தா கோபம் வராம என்ன செய்யும்? வீட்ல பெரியவங்க ஒருத்தருக்கு நுரையீரல்ல கேன்சர். பயாப்சி ரிப்போர்ட்ல 'ஈஜிஎஃப்ஆர் மியூட்டேஷன் பாசிடிவ்'னு ஒரு வரி. அவ்வளவுதான். அந்த ஒரு வரி சொந்தக்காரங்க வாய்ல ஏறி இறங்கி, கடைசியில காலேஜ் படிக்கிற பொண்ணோட கல்யாணப் பேச்சுல வந்து நிக்குது.

அந்த வரிக்கும் அந்தப் பொண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இன்னும் சொல்லப்போனா, கேன்சர்னு தெரிஞ்ச அந்தக் கெட்ட வாரத்துல அந்தக் குடும்பத்துக்கு வந்த ஒரே நல்ல சேதி அதுதான். ஏன்னு பார்க்கலாம் வாங்க. (கொஞ்சம் நீளமாப் போகும். விஷயம் அப்படி.)

கேன்சர் எல்லாமே ஜீன் கெட்டுப்போறதால வர்றதுதான். ஆனா எல்லாக் கேன்சரும் பரம்பரை கிடையாது. இந்த ரெண்டு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லாம விட்டதுதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம்.

நம்ம ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இருக்கற டி.என்.ஏ.வுல ஏறக்குறைய 600 கோடி எழுத்து. ஒரு செல் ரெண்டாப் பிரியும்போது அத்தனையும் மறுபடி எழுதப்படணும். எழுதும்போது தப்பு விழும். வயசு, சிகரெட் புகை, வெயில், சில வைரஸ், சில சமயம் எந்தக் காரணமும் இல்லாம வெறும் தற்செயல். பெரும்பாலான தப்பை செல்லே திருத்திக்கும். திருத்தாம விட்டுப்போன சில தப்பு, தப்பான இடத்துல விழுந்தா, அந்த ஒரு செல் கட்டுப்பாடு இல்லாம பெருக ஆரம்பிக்கும். அதுல இருந்து வந்த செல்லுக்கு எல்லாம் அதே தப்பு இருக்கும். அந்தக் கட்டிக்கு மட்டும். நோயாளியோட ரத்தத்துலயோ தோல்லயோ இருக்கற சாதாரண செல்லுக்கு அந்தத் தப்பு கிடையாது. கருமுட்டையிலயும் விந்தணுவுலயும் கிடையாது. அதனால பிள்ளைங்களுக்குப் போக வழியே இல்லை.

பிறக்கும்போதே பெத்தவங்ககிட்ட இருந்து வாங்கிட்டு வர்ற மியூட்டேஷனால வர்ற கேன்சர் நூத்துக்கு அஞ்சுல இருந்து பத்துதான். அதுக்குத் தனியா வர்றேன்.

இப்போ அந்த ஈஜிஎஃப்ஆர். செல்லோட வெளிச்சுவர்ல உக்காந்திருக்கற ஒரு புரதம் அது. நம்ம வீட்டு காலிங் பெல்லை நினைச்சுக்கோங்க. வெளியில இருந்து யாராவது அழுத்தினாத்தான் உள்ளே மணி அடிக்கும், 'வளரு, பெருகு'ன்னு செல்லுக்குச் சேதி போகும். கையை எடுத்தா நின்னுடும். மியூட்டேஷன் வந்தா அந்த பட்டன் உள்ளேயே மாட்டிக்குது. யாரும் அழுத்தாமலே ராத்திரி பகலா மணி அடிச்சுக்கிட்டே இருக்கு.

ரிப்போர்ட்ல 'எக்ஸான் 19 டெலிஷன்'னு இருந்தா அந்த ஜீன்ல சில எழுத்து காணோம்னு அர்த்தம். 'எல்858ஆர்'னு இருந்தா 858-வது இடத்துல லூசின்ங்கற அமினோ அமிலத்துக்குப் பதிலா ஆர்ஜினின் வந்து உக்காந்திருக்கு. ஈஜிஎஃப்ஆர் மியூட்டேஷன்கள்ல பெரும்பகுதி இந்த ரெண்டுதான்.

இதை எப்படிக் கண்டுபிடிச்சாங்கங்கறது இன்னும் சுவாரசியம். இங்கே மருந்து முன்னாடி வந்துச்சு, யாருக்கு அது வேலை செய்யும்ங்கறது பின்னாடிதான் தெரிஞ்சுது.

ஜெஃபிடினிப்னு ஒரு மாத்திரை. ஜப்பான்ல 2002-லயும் அமெரிக்காவுல 2003-லயும் நுரையீரல் கேன்சருக்கு அனுமதி கிடைச்சுது. மேற்கு நாடுகள்ல பத்துப் பேருக்குக் கொடுத்தா ஒருத்தருக்குத்தான் கட்டி சுருங்குச்சு. ஆனா அந்த ஒருத்தருக்கு நடந்தது டாக்டர்களையே அசர வெச்சுது. மூச்சு விடவே கஷ்டப்பட்டவங்க சில வாரத்துல எழுந்து நடந்தாங்க. யார் இவங்கன்னு பார்த்தா பெண்கள் அதிகம், சிகரெட்டே தொடாதவங்க அதிகம், கிழக்காசியக்காரங்க அதிகம், 'அடினோகார்சினோமா'ங்கற வகை அதிகம். ஏன்னு ஒருத்தருக்கும் புரியலை.

2004 ஏப்ரல்ல பாஸ்டன் நகரத்துல இருந்தே ரெண்டு குழு தனித்தனியா விடையை வெளியிட்டாங்க. அதுல ஒரு குழு, மருந்து நல்லா வேலை செஞ்ச 9 பேரோட கட்டியை எடுத்து ஜீனைப் படிச்சாங்க. 8 பேருக்கு ஈஜிஎஃப்ஆர் மியூட்டேஷன் இருந்துச்சு. மருந்து வேலை செய்யாத 7 பேரோட கட்டியையும் படிச்சாங்க. ஒருத்தருக்கும் இல்லை.

ரொம்பச் சின்ன எண்ணிக்கைதான். ஆனா பளிச்சுனு தெரிஞ்சுது.

பெரிய எண்ணிக்கையில நிரூபிச்சது 2009-ல வந்த 'ஐபாஸ்' ஆய்வு. கிழக்காசியாவுல 1,217 நோயாளிகள். எல்லாரும் அடினோகார்சினோமா, எல்லாரும் சிகரெட் பிடிக்காதவங்க இல்லைன்னா எப்பவோ கொஞ்சமாப் பிடிச்சு விட்டவங்க. பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு கீமோ. மியூட்டேஷன் இருந்தவங்கள்ல மாத்திரைக்குக் கட்டி சுருங்கினது நூத்துக்கு 71 பேருக்கு, கீமோவுக்கு 47 பேருக்கு. மியூட்டேஷன் இல்லாதவங்கள்ல கீமோவுக்குச் சுருங்கினது 23 பேருக்கு.

மாத்திரைக்கு? நூத்துக்கு ஒருத்தர்.

71, 1. ஒரே மாத்திரை, ஒரே டோஸ், மைக்ராஸ்கோப்ல பார்த்தா ஒரே மாதிரி இருக்கற கட்டி. வெளியில இருந்து பார்த்தா ரெண்டு நோயாளிக்கும் நடுவுல எந்த வித்தியாசமும் தெரியாது. டெஸ்ட் பண்ணினாத்தான் தெரியும். கேன்சர்ல ஜீன் டெஸ்ட் எதுக்குன்னு யாராவது கேட்டா இந்த ரெண்டு நம்பரைச் சொன்னாப் போதும்.

நம்ம நாட்டுக்கு இது ரொம்ப முக்கியம். இந்தியாவுல நுரையீரல் அடினோகார்சினோமா வந்தவங்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தர்ல இருந்து மூணுல ஒருத்தர் வரைக்கும் இந்த மியூட்டேஷன் இருக்கறதா இங்கே நடந்த ஆய்வுகள் சொல்லுது. வெள்ளைக்காரங்கள்ல இதைவிடக் கம்மி. சிகரெட்டே தெரியாத அம்மாக்கள் மாசக்கணக்கா இருமிக்கிட்டு, முதல்ல டி.பி.ன்னு நினைச்சு மாத்திரை சாப்பிட்டு, அப்புறம் கேன்சர்னு தெரிஞ்சு வர்றது இங்கே அடிக்கடி நடக்குது. அந்த அம்மாவுக்கு இந்த டெஸ்ட் செய்யாம விடறது பெரிய அநியாயம். (சிகரெட் பிடிச்சவங்களுக்கும் செய்யணும். அவங்களுக்கு வாய்ப்பு கம்மி, இல்லவே இல்லைன்னு கிடையாது.)

மியூட்டேஷன் இருந்தா மாத்திரை மட்டும் போதுமா, கீமோவே வேண்டாமான்னு அடுத்த கேள்வி வரும். அதுக்குப் பதில் தேடினது நம்ம மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி. மியூட்டேஷன் இருக்கற 350 நோயாளிகளை ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பகுதிக்கு ஜெஃபிடினிப் மட்டும். இன்னொரு பகுதிக்கு ஜெஃபிடினிப்போட பெமெட்ரெக்ஸெட், கார்போபிளாட்டின் கீமோவும். 2020-ல முடிவு வந்துச்சு. மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்களுக்கு நோய் மறுபடி தலை தூக்கறதுக்கு இடைநிலைக் கணக்குல (மீடியன்) 8 மாசம். ரெண்டும் சேர்ந்தவங்களுக்கு 16 மாசம். கடுமையான பக்கவிளைவும் அவங்களுக்குத்தான் அதிகம். அதனால உடம்புல தெம்பு இருக்கா, வயசு என்ன, வீட்ல பார்த்துக்க ஆள் இருக்கா, எல்லாத்தையும் பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். ஆனா உலகம் முழுக்க டாக்டர்கள் எடுத்துப் பார்க்கற ஒரு ஆய்வு, நம்ம ஊர் நோயாளிகளை வெச்சு நம்ம ஊர்ல நடந்ததுங்கறது உண்மையிலயே பெருமையான விஷயம்.

இனி நடைமுறைக்கு வருவோம். இங்கேதான் குடும்பங்கள் நிறையத் தடுமாறுறாங்க.

பயாப்சியில எடுத்த சதைத் துணுக்கை ஃபார்மலின்ல போட்டு, அப்புறம் மெழுகுல பதிச்சு வெச்சிருப்பாங்க. அதுக்கு 'பிளாக்'னு பேரு. ஜீன் டெஸ்ட் பெரும்பாலும் அந்த பிளாக்ல இருந்துதான். வேற ஆஸ்பத்திரிக்கு மாறினா ஸ்கேன் சி.டி.யை மட்டும் வாங்கிட்டுப் போகாதீங்க, பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்குங்க. துணுக்கு ரொம்பச் சின்னதா இருந்தா, இல்லைன்னா அதுல கேன்சர் செல் குறைவா இருந்தா, லேப்ல 'போதுமான சாம்பிள் இல்லை'ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. அப்போ இன்னொரு தடவை ஊசி போட வேண்டி வரும். எலும்புல இருந்து எடுத்த பயாப்சின்னா இன்னொரு சிக்கல். எலும்பை மெதுவாக்க ஆசிட்ல ஊற வைப்பாங்க, அந்த ஆசிட் டி.என்.ஏ.வைச் சிதைச்சிடும். ஜீன் டெஸ்ட் தேவைப்படும்னு முன்கூட்டியே பேத்தாலஜி டாக்டருக்குத் தெரிஞ்சா ஈ.டி.டி.ஏ.ங்கற வேற ரசாயனத்தைப் பயன்படுத்துவாங்க. 'டாக்டர், இதுல ஜீன் டெஸ்ட்டும் பார்க்கப் போறீங்களா?'ன்னு பயாப்சிக்கு முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டு வெச்சா நல்லது.

அப்புறம் காத்திருப்பு. ஒரே ஒரு ஜீனைப் பார்க்கற டெஸ்ட் சீக்கிரம் வந்துடும். நிறைய ஜீனை ஒண்ணாப் பார்க்கற 'என்ஜிஎஸ்' பேனல்னா ரெண்டு மூணு வாரம் ஆகலாம். கேன்சர்னு கேட்ட குடும்பத்துக்கு அந்த மூணு வாரம் மூணு யுகம். 'எதையாவது உடனே ஆரம்பிங்க டாக்டர்'னு கெஞ்சுவாங்க. அந்தத் தவிப்பு நியாயம்தான். ஆனா எதுல ஆரம்பிக்கறோம்ங்கறது முக்கியம். அவசரத்துல இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்பு சக்தியைத் தூண்டற மருந்து) ஆரம்பிச்சுட்டு, பின்னாடி ஈஜிஎஃப்ஆர் ரிப்போர்ட் வந்து ஓசிமெர்டினிப்ங்கற ஈஜிஎஃப்ஆர் மாத்திரைக்கு மாறினா, நுரையீரல் வீக்கம் மாதிரி ஆபத்தான பக்கவிளைவு வர்ற வாய்ப்பு கூடுது. அதுவும் இல்லாம, ஈஜிஎஃப்ஆர் இருக்கற கட்டிக்கு இம்யூனோதெரபி மட்டும் கொடுத்தா பெருசாக் கேக்கறதும் இல்லை. நோயாளி ரொம்ப முடியாம இருந்து காத்திருக்க வழியே இல்லைன்னா, ரிப்போர்ட் வர்ற வரைக்கும் டாக்டர் ஒரு சைக்கிள் கீமோ மட்டும் கொடுத்துத் தாங்கிப் பிடிப்பார்.

'பாசிடிவ்'னு வந்தா எப்பவும் மருந்து இருக்குன்னு அர்த்தமான்னா, அதுவும் இல்லை.

பெருங்குடல் கேன்சரை எடுத்துக்கோங்க. செடுக்ஸிமாப்னு ஒரு ஊசி மருந்து. அதே ஈஜிஎஃப்ஆரை வெளிப்பக்கமா அடைக்கும். ஆனா உள்ளே கேராஸ்னு ஒரு ஜீன் கெட்டுப்போயிருந்தா அந்த ஊசியால பிரயோஜனமே இல்லை. பட்டனைக் கழட்டி எறிஞ்சாலும், சுவருக்குள்ள ரெண்டு ஒயர் ஒட்டிக்கிட்டிருந்தா மணி அடிக்கத்தானே செய்யும்? 2008-ல இது தெளிவாச்சு. பெருங்குடல் கேன்சர்ல பத்துல நாலு பேருக்குக் கேராஸ் மியூட்டேஷன் இருக்கு. அவங்களுக்கு இந்த டெஸ்ட் சொல்றது 'இந்த மருந்து வேண்டாம்'. அதுவும் பெரிய உதவிதான். பலன் தராத ஊசிக்கு லட்சக்கணக்குல செலவு பண்ணாம, தோல் முழுக்கக் கொப்புளம் வாங்காம தப்பிச்சாங்க.

இன்னொரு உதாரணம் பி-ராஃப் ஜீன்ல வர்ற 'வி600ஈ'. மெலனோமாங்கற தோல் கேன்சர்ல இது இருந்தா, 2011-ல அனுமதி வாங்கின வெமுராஃபெனிப் மாத்திரையால ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டி சுருங்குது. அச்சு அசல் அதே மியூட்டேஷன் பெருங்குடல்ல இருந்தா? அதே மாத்திரை கிட்டத்தட்ட வேலையே செய்யலை. காரணம் தேடினப்போ, பி-ராஃபை அடைச்சதும் பெருங்குடல் செல் ஈஜிஎஃப்ஆர் வழியா வேற பாதையைத் திறந்துக்கறது தெரிஞ்சுது. அப்போ ரெண்டையும் சேர்த்து அடைச்சா? 2020-ல எங்கோராஃபெனிப்போட செடுக்ஸிமாபைச் சேர்த்துக் கொடுக்க அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. ரிப்போர்ட்ல இருக்கற மியூட்டேஷன் பேரை மட்டும் கூகுள்ல தட்டி, 'இதுக்கு மாத்திரை இருக்கே, ஏன் கொடுக்கலை'ன்னு டாக்டரோட சண்டைக்குப் போறவங்க இதை ஒரு தடவை யோசிக்கணும். எந்த உறுப்புல வந்த கட்டிங்கறதும் கணக்குல வரும்.

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாகணும். நாலாவது ஸ்டேஜ்ல இந்த மாத்திரைகள் நோயை வேரோட எடுக்கறதில்லை. காலத்தை நீட்டிக் கொடுக்குது, அந்தக் காலத்தை நல்லா வாழவும் விடுது. ஆனா கட்டி வழி கண்டுபிடிச்சுடும். ஜெஃபிடினிப் சாப்பிட்டவங்களுக்கு மறுபடி வளர்ந்த கட்டியைப் பார்த்தா, பாதிக்கும் மேல 'டி790எம்'னு ஒரு புது மியூட்டேஷன். அதைக் குறிவெச்சு வந்ததுதான் ஓசிமெர்டினிப், 2015-ல. இப்போ அதை முதல் மருந்தாவே கொடுக்கறாங்க. ஆக, ஒரு தடவை டெஸ்ட் பண்ணியாச்சு, முடிஞ்சுதுன்னு இருக்க முடியாது. நோய் மறுபடி வளர்ந்தா டாக்டர் மறுபடி டெஸ்ட் கேக்கலாம். இதை வெறும் ரத்தத்துலயே பார்க்க வழி வந்திருக்கு. கட்டியில இருந்து உதிர்ந்த டி.என்.ஏ. ரத்தத்துல மிதக்கும், அதைப் பிடிச்சுப் படிக்கறாங்க. மறுபடி ஊசி குத்திக்கத் தெம்பில்லாதவங்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனா ரத்தத்துல 'நெகடிவ்'னு வந்தா அதோட விட்டுடக்கூடாது. கட்டி போதுமான டி.என்.ஏ.வை உதிர்க்காம இருந்திருக்கலாம். முடிஞ்சா சதையில பார்த்து உறுதி பண்ணணும்.

சரி, அந்த அஞ்சு முதல் பத்து சதவீதம்.

1990-ல மேரி-கிளேர் கிங்ங்கற விஞ்ஞானி, குடும்பத்துல தொடர்ந்து வர்ற மார்பகக் கேன்சருக்கான ஜீன் 17-வது குரோமோசோம்ல இருக்குன்னு காட்டினாங்க. பிராகா1ங்கற அந்த ஜீன் 1994-ல பிரிச்செடுக்கப்பட்டுச்சு. பிராகா2 அடுத்த வருஷம். இந்த ஜீன்கள்ல மியூட்டேஷனோட பிறந்தா உடம்புல எல்லா செல்லுலயும் இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணோ பெண்ணோ. இங்கே ஒரு தப்பு தொடர்ந்து நடக்குது. டாக்டர் குடும்ப வரலாறு கேட்டா அம்மா, சித்தி, பாட்டின்னு அம்மா வழியை மட்டும் சொல்வாங்க. அப்பா வழி அத்தைக்கு சினைப்பைக் கேன்சர் வந்ததை யாரும் சொல்றதில்லை. அப்பாவுக்கு எந்த நோயும் வராமலே அவர் வழியா மகளுக்குப் போகலாம். அதனால அத்தையையும் சொல்லுங்க. சின்ன வயசுல மார்பகக் கேன்சர், எந்த வயசுலயும் சினைப்பைக் கேன்சர், ஆணுக்கு மார்பகக் கேன்சர், இதுல எது இருந்தாலும் சொல்லணும்.

இதுக்கான டெஸ்ட் ரத்தத்துலயோ எச்சில்லயோ பண்றது. கட்டியில பண்ற டெஸ்ட் வேற, இது வேற. முடிவு பாசிடிவா வந்தா நோயாளிக்கே வைத்தியம் மாறும். பிராகா கெட்டுப்போன கட்டியால டி.என்.ஏ.வைச் சரியாப் பழுது பார்க்க முடியாது. மிச்சமிருக்கற இன்னொரு பழுதுபார்ப்பு வழியையும் ஓலாபரிப் மாத்திரை அடைச்சா கட்டி செல் செத்துப்போகுது. சினைப்பைக் கேன்சர்ல கீமோவுக்குப் பிறகு இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல வந்துச்சு. மூணு வருஷம் கழிச்சு நோய் திரும்பாம இருந்தவங்க மாத்திரை சாப்பிட்ட பக்கம் நூத்துக்கு 60, சாப்பிடாத பக்கம் 27. அக்கா தங்கச்சி, பிள்ளைங்க எல்லாரும் டெஸ்ட் பண்ணிக்கிட்டு, தேவைப்பட்டா சின்ன வயசுலயே எம்.ஆர்.ஐ. பரிசோதனையை ஆரம்பிக்கலாம். இது தெரிஞ்சா ஒரு குடும்பத்துல உயிர் பிழைக்கும். கல்யாணச் சந்தையில விலை குறைக்கறதுக்கான தகவல் இல்லை இது.

சில ரிப்போர்ட்ல 'வியுஎஸ்'னு (அர்த்தம் இன்னும் நிச்சயமாகாத மாற்றம்) வரும். அதைப் பார்த்துப் பயந்து ஆபரேஷன் வரைக்கும் போகக்கூடாது. அதை வெச்சு எந்த வைத்திய முடிவும் எடுக்கறதில்லை. பின்னாடி தகவல் சேரும்போது பெரும்பாலும் 'ஆபத்தில்லாதது'ன்னு மாறிடும்.

கடைசியா காசு. இதைப் பேசாம ஜீன் டெஸ்ட்டைப் பத்திப் பேசறது நேர்மையில்லை.

விலைக் கதையை இமாட்டினிப்ல இருந்து தொடங்கணும், மியூட்டேஷனைக் குறிவெச்ச மாத்திரைகளுக்கு வழிகாட்டி அதுதான். சி.எம்.எல்.ங்கற ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. 1960-ல ஃபிலடெல்ஃபியாவுல நோவெல், ஹங்கர்ஃபோர்டுன்னு ரெண்டு பேர் அந்த நோயாளிகளோட செல்லுல அசாதாரணமா ஒரு குட்டி குரோமோசோமைப் பார்த்தாங்க. 9-வது குரோமோசோமும் 22-வது குரோமோசோமும் துண்டு மாத்திக்கிட்டதுல வந்ததுதான் அதுன்னு 1973-ல ஜேனட் ரவுலி சொன்னாங்க. அந்தக் கோளாறைக் குறிவெச்சு 2001-ல இமாட்டினிப் மாத்திரை வந்துச்சு. அதைச் சாப்பிட ஆரம்பிச்சவங்கள்ல பத்து வருஷம் கழிச்சும் உயிரோட இருந்தவங்க நூத்துக்கு 83 பேர். ஆனா இந்தியாவுல நோவார்ட்டிஸ் கம்பெனி 'கிளிவெக்'ங்கற பேர்ல அதை மாசத்துக்கு 1,20,000 ரூபாய் அளவுக்கு வித்துச்சு. இங்கே தயாரான அதே மருந்து 10,000 ரூபாய்க்குள்ள. (நிறையப் பேருக்கு அந்தக் கம்பெனி இலவசமாவும் கொடுத்துச்சு, அதையும் சொல்லணும்.) நோவார்ட்டிஸ் இந்த மருந்துக்குக் கேட்ட பேட்டன்ட் விண்ணப்பத்தை 2006-ல நிராகரிச்சது நம்ம சென்னை பேட்டன்ட் ஆபீஸ். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாவும் போய், 2013 ஏப்ரல் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸ் மனுவைத் தள்ளுபடி பண்ணுச்சு. இன்னைக்கு சி.எம்.எல். வந்த ஒரு விவசாயக் கூலி மாத்திரை வாங்க முடியுதுன்னா, அதுல அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு இருக்கு.

ஜெஃபிடினிப்பும் இங்கே பல கம்பெனிகள் தயாரிச்சு விலை இறங்கிடுச்சு. ஓசிமெர்டினிப் அப்படி இல்லை. 2024 ஜூலை பட்ஜெட்ல அது உட்பட மூணு கேன்சர் மருந்துக்கு சுங்க வரியை எடுத்தாங்க. ஆனாலும் சாதாரணக் குடும்பத்துக்கு அது பெரிய பாரம். அதனால நூத்துக்கணக்கான ஜீனைப் பார்க்கற பேனலுக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட நேராக் கேளுங்க. இந்தக் கேன்சருக்கு எந்தெந்த ஜீன் முக்கியம்? அதை மட்டும் பார்க்கற சின்ன டெஸ்ட் போதுமா? பாசிடிவ்னு வந்தா அந்த மருந்து இங்கே கிடைக்குமா, மாசம் எவ்வளவு ஆகும்? மருந்துக் கம்பெனியோட உதவித் திட்டம் ஏதாவது இருக்கா? பெரிய ஆஸ்பத்திரிகள்ல இதுக்குன்னே மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர் இருப்பாங்க, அவங்களைத் தேடிப் பிடிங்க. உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கறப்போ மியூட்டேஷன் ரிப்போர்ட்டைத்தான் முதல்ல கேப்பாங்க. ஒரிஜினலை யார்கிட்டயும் கொடுத்துடாதீங்க, நாலஞ்சு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கோங்க.